பாத்திரத்துக்கு அஞ்சியவர்கள்

கிறிஸ்தவர்களிடையே இக்காலத்தில் ஓர் அபிப்பிராயம், விசுவாசப் பிரமாணத்தில் எழுதப்படாத ஒரு வாக்கியம் என்று சொல்லத்தக்க அளவுக்கு வேரூன்றி நிற்கிறது. உள்ளத்தில் மெய்யான விசுவாசம் இருந்தால் போதும். ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருவிருந்து, லெந்து நாட்கள், திருநாட்கள் என்று வழிவழியாக வந்த அனுஷ்டானங்களெல்லாம் வெறும் புறக்கோலங்கள். அவை இருந்தால் லாபமில்லை, இல்லாவிட்டால் நஷ்டமில்லை. சொல்லப்போனால், அவை மலிந்த இடத்திலேதான் விசுவாசம் வற்றிப்போகிறது என்பதே அந்த அபிப்பிராயம். ஜெபக்கூட்டத்துப் பிரசங்கியார் இதை உரத்த குரலில் சொல்கிறார். பட்டணத்துப் படிப்பாளி இதையே மெல்லிய குரலில், நாகரிகமான வார்த்தைகளில் சொல்கிறார். ஐந்து தலைமுறையாக ஒரே ஆலயத்தில் தொழுதுவரும் குடும்பத்தைப் ‘பெயர்க் கிறிஸ்தவர்கள்’ என்று தள்ளிவிட்டுப் புதிய கூடத்துக்குப் போகிறவரும் இதையே காரணமாகக் காட்டுகிறார். இக்கொள்கை வேதத்துக்கும் பொருந்தாது, தமிழ்நாட்டுத் திருச்சபையின் சரித்திரத்துக்கும் பொருந்தாது என்பதோடு, நம்முடைய சபைகளின் மிகப் பழைய பாவத்துக்கு மறைவிடமாக இருந்ததும் இதுவே என்பது என் துணிபு.

அவர்கள் காட்டும் குறை உண்மையான குறைதான்; அதை மறைக்கவேண்டியதில்லை. மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிக்கப்படவேண்டும் என்பதற்காகவும், மரித்தபின் கல்லறைத் தோட்டத்தில் ஆறடி நிலம் மறுக்கப்படக்கூடாது என்பதற்காகவும் மட்டுமே சபைச் சந்தாவை நிலுவையின்றிக் கட்டிவருகிறவர்கள் நம்மிடையே உண்டு. பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு அழைப்பிதழ் அச்சிட்டு, மண்டபம் பிடித்து, புகைப்படக்காரருக்கு முன்பணமும் கொடுத்துவிட்டு, பிள்ளையின் பெயரால் தாங்கள் கொடுக்கப்போகும் வாக்கு இன்னதென்று ஒருமுறையேனும் வாசித்துப் பாராத ஞானப்பெற்றோர் தொட்டியண்டை வந்து நிற்பதை எல்லாரும் கண்டிருக்கிறோம். பிரசங்கம் முடிந்தபின் உள்ளே நுழைந்து, அப்பமும் ரசமும் பெற்றுக்கொண்டு, ஆசீர்வாதம் கூறப்படுமுன்பே வாசலில் செருப்பைத் தேடுகிறவரையும் கண்டிருக்கிறோம். நோய் உண்டு என்பதில் எனக்கும் அவர்களுக்கும் தகராறில்லை. நோயின் இருப்பிடம் எது என்பதிலேதான் வழக்கு.

ஆமோசையும் ஏசாயாவையும் தங்கள் கட்சிக்குச் சாட்சிகளாக அழைப்பது இவர்களுடைய வழக்கம். தேவன் இஸ்ரவேலின் பண்டிகைகளை வெறுக்கிறார் என்று ஆமோஸ் முழங்கியது மெய்யே. ஆனால் எவருடைய பண்டிகைகளை? ஏழையை ஒரு ஜோடு பாதரட்சைக்கு விற்றவர்கள், கள்ளத் தராசு பிடித்தவர்கள், கடனாளியிடம் அடகாக வாங்கிய வஸ்திரத்தைப் பலிபீடத்தருகே விரித்து அதன்மேல் சாய்ந்து கிடந்தவர்கள் ஆகிய இவர்களுடைய பண்டிகைகளை. அந்த வஸ்திரத்தைச் சற்றே எண்ணிப்பார்க்கவேண்டும். ஏழைக்கு இரவில் வேறு போர்வை இல்லையாதலால், பொழுது சாய்வதற்குள் அடகுத் துணியைத் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும் என்பது மோசேயின் நியாயப்பிரமாணம். அப்படிக் கொடாதவன் அதே துணியைத் தேவசந்நிதியில் விரித்துக்கொண்டு ஆராதனைக்கு அமர்கிறான். தீர்க்கதரிசியின் கோபம் பலிபீடத்தின் மேலன்று, அதனருகே விரிந்து கிடந்த துணியின் மேல். ஏசாயாவின் முதலாம் அதிகாரமோ இன்னும் தெளிவானது. அங்கே பலிகளும் தூபமும் மாதப்பிறப்பும் மட்டும் அருவருக்கப்படவில்லை. ஜெபமும் சேர்த்தே தள்ளப்படுகிறது. கைகள் இரத்தத்தால் நிறைந்திருக்கையில் எத்தனை ஜெபம் செய்தாலும் செவிகொடுக்கப்படாது என்பதே அங்குள்ள தீர்ப்பு. அந்த அதிகாரத்தைக் காட்டிச் சடங்கை ஒழிக்கவேண்டும் என்பவர், அதே அதிகாரத்தைக் காட்டி ஜெபத்தையும் ஒழிக்கச் சம்மதிப்பாரா? ஒருக்காலும் சம்மதியார்; ஜெபம் செய்கிறவனுடைய கையைக் கழுவவேண்டும் என்றுதான் சொல்வார். அந்த நியாயத்தைப் பலிக்கும் ஆராதனைக்கும் ஏன் மறுக்கவேண்டும்? அந்த ஏசாயாதாமே தமது அழைப்பைப் பெற்றது தேவாலயத்துக்குள்ளே, புகை நிறைந்த மண்டபத்திலே, பலிபீடத்திலிருந்து எடுக்கப்பட்ட நெருப்புத்தழல் அவருடைய உதடுகளைத் தொட்டபோது அல்லவா?

இயேசுநாதரிடத்திலும் இவர்கள் விரும்பும் போதனை கிடைக்கவில்லை. எட்டாம் நாளில் விருத்தசேதனம் பெற்றவர், ஓய்வுநாள்தோறும் ஜெப ஆலயத்துக்குச் செல்வதை வழக்கமாகக் கொண்டவர், குஷ்டரோகியைத் தொட்டுச் சுகமாக்கியபின் ஆசாரியனிடம் போய்த் தன்னைக் காட்டி மோசே கட்டளையிட்ட காணிக்கையைச் செலுத்தும்படி அனுப்பியவர், மரணத்துக்கு முந்தின இரவில் பஸ்காப் பந்தியில் அமர்ந்தவர் அவர். பரிசேயர் ஒற்தலாமிலும் வெந்தயத்திலும் தசமபாகம் கொடுப்பதை அவர் கண்டித்தபோதும், நீதியையும் இரக்கத்தையும் விடாமல் செய்யவேண்டும், அதையும் விட்டுவிடக்கூடாது என்றே முடித்தார். பலிபீடத்தண்டை காணிக்கையோடு நிற்கையில் சகோதரனுக்கு உன்பேரில் குறையுண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்னும் வசனத்தை மேடைதோறும் எடுத்து முழங்குகிறார்கள். ஆனால் அந்த வசனம் அங்கே முடியவில்லை. பின்பு திரும்பி வந்து உன் காணிக்கையைச் செலுத்து என்றுதான் முடிகிறது. அந்தக் கடைசிப் பகுதியைப் பிரசங்கத்தில் நான் அரிதாகவே கேட்டிருக்கிறேன். காணிக்கை பலிபீடத்தண்டை காத்துக் கிடக்கிறது என்பதே அவனைச் சகோதரனிடம் விரட்டுகிறது. பலிபீடமே இல்லாவிட்டால் அவனுக்கு அந்தக் குறை எங்கே நினைவு வந்திருக்கும்?

இனி நம்முடைய நாட்டுச் சரித்திரத்துக்கு வருவோம். 1706-ஆம் ஆண்டில் சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் வந்திறங்கியது முதல், சீர்திருத்தச் சபையின் ஆராதனை தமிழ்நாட்டில் வேர் பிடித்தது. அந்தச் சபைகளில் சாதியார் ஒரு புறமும், தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்டோர் மறு புறமும் உட்கார்ந்தார்கள். திருவிருந்தில் உயர்ந்தோர் எனப்பட்டோர் முதலிலும் மற்றவர் பின்னருமாகப் பாத்திரத்தண்டை வந்தார்கள். தஞ்சாவூரிலே சுவார்ட்ஸ் ஐயருக்குப் பிறகு வந்த புதிய மிஷனெரிமார், இந்த ஏற்பாட்டை ஒழித்து அனைவரும் வித்தியாசமின்றி ஒரே பாத்திரத்தில் பருகவேண்டும் என்று வற்புறுத்தியபோது, 1820-களின் இறுதியில் அங்கே பெருங்கலகம் எழுந்தது. அந்த எதிர்ப்பை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர் வேதநாயகம் சாஸ்திரியார்.

இந்தப் பெயரைச் சொல்லும்போது மரியாதை குறையாமல் சொல்லவேண்டும். 1774-இல் பாளையங்கோட்டையில் பிறந்து, சுவார்ட்ஸ் ஐயரின் வளர்ப்பில் தஞ்சையில் கல்வி கற்று, பெத்லகேம் குறவஞ்சி முதலான நூல்களைப் பாடி, ‘சுவிசேஷக் கவிராயர்’ என்று போற்றப்பட்டவர் அவர். அவருடைய கீர்த்தனைகளைப் பாடாமல் தமிழ்க் கிறிஸ்தவன் ஒருவன் பிறந்து வளர்ந்து மரிப்பது அரிது. அவருடைய பக்தி போலி என்று சொல்ல நாக்கு எழும்புமா? இன்றைய மொழியில் சொல்வதானால், ‘இரட்சிக்கப்பட்ட அனுபவம்’ அவருக்கு இருந்ததா என்று கேட்பதே வெட்கக்கேடு. புதியவர்கள் தமிழ் இசையையும் ஆலயத்தில் பூவையும் வெறுத்ததை அவர் எதிர்த்தது நியாயமே என்பேன். ஆனால் மெய்யான விசுவாசம் நிரம்பிய அதே இருதயம், சக கிறிஸ்தவனோடு வித்தியாசமின்றி ஒரே பாத்திரத்தைப் பகிர்ந்துகொள்வதற்குக் கூசியது. உள்ளத்து விசுவாசம் ஒன்றே போதும் என்ற கொள்கை உண்மையானால், தஞ்சாவூரில் ஒரு பிரச்சினையுமே எழுந்திருக்கக்கூடாது. விசுவாசத்துக்குத்தான் அங்கே குறைவில்லையே. அந்த விசுவாசத்தின் கண்ணுக்குப் புலப்படாத பாவத்தை, வெள்ளியால் செய்த ஒரு சிறு பாத்திரம் காட்டிக்கொடுத்தது.

தஞ்சாவூரில் எதிர்த்து நின்றவர்கள் சொன்ன நியாயம் இன்னது என்பதைக் கவனிக்கவேண்டும். சாதி இம்மைக்குரிய ஏற்பாடு, குடிமை சார்ந்த வழக்கம், சுவிசேஷமோ ஆத்துமாவுக்குரியது, தேவன் இருதயத்தைப் பார்க்கிறார், ஆகவே யார் எங்கே உட்கார்ந்தார், யார் முன்னே பருகினார் என்பதைப் பெரிதுபடுத்தலாகாது என்பதே அவர்கள் கட்சி. பின்னாளில் லைப்சிக் மிஷனின் தலைவரான கார்ல் கிரவுல் என்னும் பேரறிஞர், திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்த அந்த நல்லவரும், சாதி குடிமை வழக்கமே என்ற இந்த நியாயத்தைத்தான் நூல்வழி நிலைநாட்ட முயன்றார். இன்று சடங்கு வேண்டாம், இருதயம் போதும் என்பவர்கள் இந்த நியாயத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். சொற்களில் பெரிய வேறுபாடு காண மாட்டார்கள்.

சென்னை இராஜதானியும் தம் அதிகாரத்துக்குட்பட்டிருந்த கல்கத்தா அத்தியட்சர் டானியேல் வில்சன், 1833-இல் விடுத்த நிருபத்தில், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே, முழுவதும், என்றென்றைக்குமாக ஒழியவேண்டும் என்று ஆணையிட்டார். அந்த ஆணையின் கூர்முனை முழுவதும் திருவிருந்தின்மேல்தான் நின்றது. அந்த நிருபம் வாசிக்கப்பட்ட சபைகளில் பெருந்தொகையானோர் எழுந்து வெளியேறினார்கள். சாதியை மனத்திலிருந்து அகற்றுங்கள் என்று மட்டும் அவர் எழுதியிருந்தால் ஒருவரும் வெளியேறியிருக்க மாட்டார்கள். ஆமென் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். மதுரையில் அமெரிக்க மிஷனெரிமாரும் 1847-இல் இதே வழியில் தங்கள் உபதேசிமாரைச் சோதித்தார்கள். சாதியை விட்டுவிட்டேன் என்ற வாய்ச்சொல்லோடு விட்டுவிடவில்லை. தாழ்ந்தவர் எனப்பட்டவர் சமைத்த அன்பின் விருந்தில் எல்லாரோடும் பந்தியிலிருந்து உண்ணச் சொன்னார்கள். இருதயத்தை அறிய வாய் திறந்து ஒரு கவளம் உண்ணும்படி கேட்டார்கள். அந்த ஒரு கவளத்துக்கு முன்னே பலருடைய ஊழியம் முடிந்துபோயிற்று. 1850-இல் சென்னையில் கூடிய மிஷனெரிமார் மாநாடு சாதிக்கு எதிராகத் தீர்மானம் செய்தபோது, லைப்சிக் மிஷன் நீங்கலாகச் சீர்திருத்தச் சபைகள் யாவும் அதற்கு உடன்பட்டன.

கத்தோலிக்கரிடத்தில் இச்சரித்திரம் இன்னும் பழமையானது. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகராகிய இராபர்ட் தெ நோபிலி, நம் நாட்டு வழக்கங்களைத் தழுவித் தொடங்கிய ஊழிய முறையைப் பற்றிய வழக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீண்டது. பாப்பரசரின் தூதுவராக வந்த தூர்னோன், 1704-இல் புதுச்சேரியில் பிறப்பித்த கட்டளையைப் படிக்கிறவர்கள், இவ்வளவு பெரிய வழக்கில் இவ்வளவு சிறிய விஷயங்களா என்று வியப்பார்கள். அவற்றுள் ஒன்று எச்சில். பழைய முறைப்படி ஞானஸ்நானத்தில் குருவானவர் தம் விரலால் உமிழ்நீரைத் தொட்டு, ஞானஸ்நானம் பெறுகிறவரின் செவியிலும் நாசியிலும் வைப்பார்; செவிடனுடைய காதில் விரலையிட்டு, உமிழ்ந்து, அவன் நாவைத் தொட்டு, எப்பத்தா என்று சொல்லித் திறந்த இயேசுவின் செய்கையை நினைவுகூரும் சடங்கு அது. எச்சில் தீட்டு என்று கருதும் நம் நாட்டில் அது வெறுப்பை உண்டாக்கும் என்று மிஷனெரிமார் அதை விட்டுவந்தார்கள். தூர்னோன், அதை விடலாகாது என்றார். மற்றொன்று, பறையர் குடிசைக்குள் நோயாளி மரணத் தறுவாயில் கிடந்தால் குருவானவர் உள்ளே போய்த் தேவதிரவிய அனுமானங்களைக் கொடுக்கவேண்டும் என்பது. நோயாளியை வெளியே வேறிடத்துக்குத் தூக்கிவரச் சொல்லும் வழக்கம் கூடாது என்பது. தூர்னோனின் கட்டளையில் ஐரோப்பியக் கர்வமும் நம் நாட்டைப் பற்றிய அறியாமையும் நிறைந்திருந்தன என்பதை மறுக்கமாட்டேன். ஆயினும் இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிறவனுக்கு ஓர் உண்மை பளிச்சென்று புலப்படும்: சாதிக்கு அச்சம் விளைவித்தது பிரசங்கமன்று, தியானமன்று, ஞானோபதேசமன்று, எச்சிலும், குனிந்து நுழையவேண்டிய குடிசை வாசலும். உள்ளத்தைப் பற்றி எவ்வளவு உயர்வாகவும் எவரிடத்தும் பேசலாம்; அதனால் தீட்டு ஒட்டாது. தொடும்போதுதான் ஒட்டும். சடங்கு என்பது தொடுவது.

வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டப்பட்ட ஆலயத்தின் அமைப்பை அறிந்தவர்கள் இதற்கு மேலும் சான்று கேட்க மாட்டார்கள். பீடம் ஒன்று, அதிலிருந்து பிரிந்து, காற்சட்டையின் இரு கால்கள்போல் நீண்ட நடைகள் இரண்டு. சாதியார் ஒரு காலில், நாடார் முதலிய மற்றவர் மறு காலில். ஒருவரையொருவர் காணாமல் இரு சாராரும் ஒரே குருவானவரின் பூசையைக் காணலாம். பூசை வெறும் சடங்கு என்று அவ்வூரார் நினைத்திருந்தால், இவ்வளவு சுண்ணாம்பும் செங்கல்லும் செலவழித்து ஏன் அதிலிருந்து தங்களைக் காத்துக்கொள்ளவேண்டும்? வெறுமையான ஒன்றுக்கு எதிராக மனிதர் சுவர் எழுப்புவதில்லை. ஒரே அப்பத்தில் பங்குபெறுகிறவர்கள் ஒரே சரீரம் என்ற பவுல் அப்போஸ்தலனின் வார்த்தை அந்தப் பீடத்தில் செயலாக நின்றது. அது தங்கள்மேல் பாயாமல் தடுக்கவே சுவர். 1910-இல் கௌசானல் அடிகளார் காலத்தில் அந்தத் தடுப்புகள் இடிக்கப்பட்டன. இடித்தது தவறு, எங்கள் உரிமை பறிபோயிற்று என்று சாதியார் நீதிமன்றம் ஏறினார்கள். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று அவர்களுக்கு எதிராகத் தீர்ந்தது.

இங்கே ஓர் ஆக்ஷேபம் எழும்; அது வலுவான ஆக்ஷேபம். முன்னும் பின்னுமாகப் பாத்திரத்தண்டை வந்ததும், தனித்தனி நடைகளில் முழங்காற்படியிட்டதும் சடங்கின் பகுதிகள்தாமே. ஆகவே சாதிக்குத் துணைபோனது சடங்கே அல்லவா என்று கேட்கலாம். ஆம், துணைபோயிற்று. ஆனால் அந்த முறைகேட்டை முறைகேடு என்று காட்டும் அளவுகோலும் அந்தச் சடங்கிலேயே இருந்தது. அப்பம் ஒன்று, பாத்திரம் ஒன்று என்று அது தானே சொல்லிக்கொண்டிருந்தது. அதை இரண்டாக்கியவர்கள் அதனாலேயே குற்றவாளிகளாக நின்றார்கள். கொரிந்து பட்டணத்திலும் இதுவே நடந்தது. செல்வர் முந்திக்கொண்டு உண்டு குடித்து வெறித்திருக்க, ஏழைகள் பசியோடு வந்து நின்றார்கள். இது கர்த்தருடைய இராப்போஜனமே அல்ல என்று பவுல் கடிந்துகொண்டார். ஆனால் இனி அவரவர் வீட்டில் இருதயத்தில் நினைவுகூருங்கள் என்று எழுதவில்லை. ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று எழுதினார். கெட்டுப்போன சடங்கைத் திருத்த அதற்குள்ளேயே வழி உண்டு. கண்ணுக்குத் தெரியாத இருதயத்தில் சாதி குடிகொண்டால், அதை எந்த அளவுகோலால் அளந்து, எந்த இடத்தில் பிடித்து, எவர் திருத்துவது?

குவேக்கர்களும் இரட்சணிய சேனையாரும் இத்தகைய அனுஷ்டானங்களின்றியே உத்தம கிறிஸ்தவர்களாக வாழ்ந்தார்களே என்பது அடுத்த கேள்வி. அவர்களை நான் வணங்குகிறேன். அடிமை வியாபாரத்தை முதன்முதல் மனச்சாட்சியின் கேள்வியாக்கிய கிறிஸ்தவர்களுள் குவேக்கர்கள் முதன்மையானவர்கள். இரட்சணிய சேனையார் 1883 முதல் ஞானஸ்நானத்தையும் திருவிருந்தையும் விட்டுவிட்டார்கள். ஆயினும் நாகர்கோவிலில் அவர்களுடைய கேத்தரின் பூத் ஆஸ்பத்திரியால் பிழைத்தவர்கள் அவர்களுடைய விசுவாசத்தைப் பற்றிச் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் இவர்கள் இருதயத்தை மட்டும் நம்பி வாழ்ந்தார்கள் என்பது சரித்திரமன்று. ஆதிக் குவேக்கர் எந்தப் பிரபுவுக்கு முன்னும் தொப்பியைக் கழற்ற மறுத்தார். அதற்காக அடியும் சிறையும் பெற்றார். மனிதர் யாவரும் சமம் என்ற விசுவாசத்தை அவர் தலையிலிருந்த தொப்பி அறிக்கையிட்டது. இரட்சணிய சேனையாருக்குச் சீருடையும் கொடியும் உண்டு. கூடத்தின் முன்புறத்தில், மனந்திரும்பி வருகிறவன் எல்லார் கண்ணுக்கும் முன்பாக முழங்காற்படியிடும் பலகை உண்டு. ஒரு சடங்கை விட்டவர்கள் வேறொரு சடங்கை, அதுவும் கடினமான சடங்கை, சரீரத்தால் சுமந்தார்கள். ‘உள்ளம் போதும்’ என்று இன்று சொல்கிறவர்களில் எத்தனை பேர் அந்தத் தொப்பிக்கு ஈடான ஒன்றைச் சுமக்கிறார்கள்?

அவர்கள் நாடிப்போகும் புதிய கூடங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அங்கே கண்ணீர் உண்டு, பாட்டு உண்டு, சாட்சி உண்டு. சாட்சி சொல்லும் முறைகூட இப்போது ஒரே வாய்ப்பாடாக அமைந்துவிட்டது என்பதை எடுத்துக்காட்டி வாதத்தில் வெல்வது என் நோக்கமன்று. அவர்களுடைய கண்ணீர் மெய்யான கண்ணீரே. ஆனால் கூடி ஜெபிப்பவர் யார் என்பதை அங்கே நாமே தெரிந்துகொள்கிறோம். நமக்கு ஒத்தவர், நம் தெருவார், நம் பாஷையைப் பேசுகிறவர், நம்மைப்போல் படித்தவர் என்று ஒரு கூட்டம் தானாகச் சேர்கிறது. ஊர் ஆலயத்துப் பீடத்தண்டையோ, வரிசையில் அடுத்து வருகிறவர் எவரோ அவர் பக்கத்தில் முழங்காற்படியிடவேண்டும். தோள் தோளில் உராயும். அவர் உதடு பட்ட பாத்திரத்தின் விளிம்பைக் குருவானவர் வெள்ளைத் துணியால் ஒருமுறை துடைத்து, சிறிது திருப்பி, நம் உதட்டண்டை நீட்டுவார். அந்தக் கணத்தில் நம்முடைய உணர்ச்சி எப்படியிருந்தாலும், மனம் வறண்டிருந்தாலும், சரீரம் ஒரு சத்தியத்தைச் செய்துமுடித்துவிடுகிறது. உணர்ச்சி வராத நாளிலும் நம்மை விடாமல் பிடித்து நிறுத்துவதே அனுஷ்டானத்தின் உபகாரம்.

தென்னிந்தியத் திருச்சபையை அமைத்தவர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். 1950-இல் அவர்கள் வகுத்த திருவிருந்து முறையில், கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்களின் தொன்மையான வழக்கத்தைத் தழுவிச் சமாதானம் வழங்கும் சடங்கைச் சேர்த்தார்கள். கொடுக்கிறவர் தம் வலது உள்ளங்கையைப் பெறுகிறவரின் வலது உள்ளங்கையோடு சேர்ப்பார். இருவரும் தத்தம் இடக்கையால் மற்றவருடைய வலக்கையை மூடுவர். பீடத்திலிருந்து புறப்படும் அந்தச் சமாதானம் கையிலிருந்து கையாகச் சபை முழுவதும் பரவவேண்டும். கையைத் தொட்டால் தீட்டு என்று நூற்றாண்டுக்கணக்கில் கற்பிக்கப்பட்ட தேசத்தில், ஆராதனையின் நடுவே நான்கு கைகளை ஒன்றின்மேலொன்றாக வைத்தவர்களின் ஞானத்தை நான் எண்ணியெண்ணி வியக்கிறேன். இன்று அது என்ன ஆயிற்று? இருந்த இடத்திலிருந்தே இடமும் வலமும் தலையசைத்து, கும்பிட்டுவிட்டு அமர்கிறோம். பல இடங்களில் அதுவுமில்லை. சடங்கு வெறுமையாயிற்று என்றால் இப்படித்தான் ஆயிற்று. செய்ததனால் வெறுமையாகவில்லை, செய்யாமல் செய்ததுபோல் விட்டதனால் வெறுமையாயிற்று.

இதற்கு எதிர்ப்பக்கத்தில், திருநெல்வேலிச் சீமைக் கிராமங்களில் நடக்கும் அசனப் பண்டிகையை நினைக்கிறேன். மேல்நாட்டு ஜெபப் புத்தகம் எதிலும் இல்லாத பண்டிகை அது. வீட்டுக்கு வீடு அரிசியும் பணமும் சேர்ந்து, ஆடுகள் வந்து, ஆலய வளவில் கல் கூட்டிய அடுப்புகளின்மேல் அண்டாக்கள் ஏறி, இரவெல்லாம் சோறும் குழம்பும் வேகும். விடிந்து ஆராதனை முடிந்து குருவானவர் ஜெபித்தபின் பந்தி தொடங்கும். சபையார் மட்டுமன்றி ஊரில் பிற மதத்தாரும் வந்து உட்காருவார்கள். குழம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தி நெடுகக் குனிந்து ஓடும் இளைஞனைப் பார்த்து, ‘தம்பி, இது வெறும் சடங்கு; உன் உள்ளத்தில் அன்பிருந்தால் போதும்’ என்று சொல்ல எந்தப் பிரசங்கியாருக்கு மனம் வரும்? அந்தப் பந்தியிலும் எவரேனும் ஒதுக்கப்பட்டால், அங்கேயும் தூர்னோனின் கட்டளை வேண்டியதுதான். ஆனால் ஒதுக்கப்பட்டவர் யார் என்பது அந்தப் பந்தியில் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

நம் காலத்திலும் இந்த வழக்கு முடியவில்லை. திருச்சிராப்பள்ளி மேலப்புதூரில் மரித்த கிறிஸ்தவர்களைச் சாதிவாரியாகப் பிரிக்கக் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் எழுப்பப்பட்டது. எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் சம உரிமை கேட்டதால் மூண்ட கலவரத்தில், 2008 மார்ச்சில், போலீசார் சுட்டு இருவர் உயிரிழந்தார்கள். இத்தகைய ஊர்களிலெல்லாம் மக்கள் மோதிக்கொள்வது எதைப் பற்றி? பிணம் போகும் பாதையைப் பற்றி, தேர் வரும் தெருவைப் பற்றி, ஆலயத்தில் அமரும் இடத்தைப் பற்றி, அடக்கம்பண்ணும் மண்ணைப் பற்றி. ஒடுக்கப்பட்டவர்கள் தங்களுக்கு உள்ளத்தில் இடம் தரும்படி கேட்கவில்லை. அந்த இடம் அவர்களுக்கு எப்போதும் தாராளமாக வாக்களிக்கப்பட்டே வந்திருக்கிறது. அவர்கள் கேட்பது சடங்கில் இடம். அந்தப் பெட்டியைத் தூக்கவும், அந்த வழியே போகவும், அந்தப் பீடத்தண்டை எல்லாரோடும் நிற்கவும் கேட்கிறார்கள். சடங்கில் ஒன்றுமில்லை என்று இந்த வேளையில் உபதேசிப்பது, கேட்கிறவனுடைய கையிலிருப்பதை அற்பமென்று சொல்லித் தட்டிவிடுவதாகும்.

ஆகையால் சடங்கைக் குறைக்கும்படி அல்ல, முழுவதும் நிறைவேற்றும்படியே நான் வற்புறுத்துகிறேன். ஆங்கிலிக்கன் மரபில் வந்த பழைய பொது ஜெபப் புத்தகத்தில், திருவிருந்து முறைமைக்கு முன்னே சிறிய எழுத்தில் சில விதிகள் உண்டு. அவற்றை வாசிப்பவர் சிலரே. பந்தியில் சேர விரும்புகிறவர்கள் முந்தின நாளே தங்கள் பெயரைக் குருவானவருக்கு அறிவிக்கவேண்டும் என்பது ஒரு விதி. அயலாருக்கு வெளிப்படையாகத் தீங்கு செய்தவன் மனந்திரும்பி, செய்த தீங்குக்கு ஈடும் செய்யும் வரை பந்திக்கு வரலாகாது என்பது மற்றொன்று. இருவருக்குள் பகை இருப்பதைக் குருவானவர் அறிந்தால், அவர்கள் ஒப்புரவாகும் வரை இருவரையும் சேர்க்கலாகாது. அவர்களுள் ஒருவர் முழுமனத்தோடு மன்னிக்கவும் தம் தவற்றுக்கு ஈடுசெய்யவும் இணங்கி, மற்றவர் பிடிவாதமாக நின்றால், இணங்கியவரைச் சேர்த்து மற்றவரை விலக்கவேண்டும் என்பது மூன்றாவது. சனிக்கிழமை மாலையில் ஆயத்த ஆராதனை நடத்தும் வழக்கம் நம் சபைகளில் இன்னும் முழுவதும் அற்றுப்போகவில்லை. அந்த ஆராதனைக்குப் பிறகு ஓர் ஆயர், பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, சபைத் தேர்தல் வழக்கில் எதிரெதிராக நிற்கும் இருவரையும், கல்லறைச் சுவருக்காகப் பணம் சேர்த்தவரையும், அந்தச் சுவரால் தம் தகப்பனை ஓர் ஓரத்தில் புதைக்க நேர்ந்தவரையும் பெயர் சொல்லி அழைத்து, நாளைக் காலைக்குள் நீங்கள் ஒப்புரவாக வேண்டும், சுவர் இடிய வேண்டும், இல்லாவிட்டால் பாத்திரம் உங்கள் இடத்தைக் கடந்து போகும் என்று சொல்லட்டும். சொன்னபடி ஞாயிறன்று செய்யவும் செய்யட்டும். சடங்கில் ஒன்றுமில்லை என்று நமக்குப் போதிக்கும் சகோதரர்களை அன்றைய ஆராதனைக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கும்படி அழைக்கிறேன்.